பொத்தானா, தீக்குச்சியா

என் வீட்டுக்காரிக்கு,

நீயும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வெல்டிங் பொறி பட்டு இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல, என் அறையில் இருக்கும் பெயிண்டர் இதை எழுதுகிறார்.

நீ பார்க்கிற அதே மர்மத் தொடர்தான் இங்கேயும் ஓடுகிறது. எனக்குச் சத்தம் மட்டும். நேற்று முகமூடிக்காரன் முகமூடியைக் கழற்றிவிட்டான். ஆனால் அந்த நேரத்தில் வசனமே இல்லை, வெறும் இசை. யாரென்று கேட்டேன்.

"டாக்டர்தான்யா" என்றார் பெயிண்டர்.

"இல்லப்பா, செத்துப்போன அண்ணன்" என்றார் மேஸ்திரி.

"நீதான்யா அது! மூஞ்சில துணியைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கியே" என்றார் டிரைவர். அறையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

நீ உண்மையைச் சொல். எழுத வேண்டாம், வாசிப்பது பெயிண்டர்தான். போன கடிதத்தில் நீ என்னைத் திட்டியிருப்பதாக வாசித்தார், நீ திட்டமாட்டாய். ஆகவே டாக்டர் என்றால் உறைக்குள் ஒரு சட்டைப் பொத்தான் போடு, அண்ணன் என்றால் ஒரு தீக்குச்சி. தடவித் தெரிந்துகொள்வேன். பிள்ளையின் போட்டோ இப்போது வேண்டாம், அவனுடைய துவைக்காத கைக்குட்டை ஒன்றை வை. சாப்பாடு வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உன் கணவன்

தங்கச்சி, பெயிண்டர் எழுதுவது: உன் கடிதம் முதலில் என் கைக்குத்தான் வரும். பொத்தானும் தீக்குச்சியும் இங்கேயே நிறைய இருக்கு.