உன்னைக் கேட்காமல் எடுத்த படம்

என் செல்ல மெர்சிக்கு,

நீ போய் ஓராண்டாகப் போகிறது. மண்டைக்காட்டுப் பக்கம் கல்யாணம் என்றால் பெண்ணை அலங்கரிக்க இன்னும் உன் எண்ணுக்குத்தான் அழைக்கிறார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் சிலர் தயங்கிக்கொண்டே, "அந்த போட்டோவுல உள்ளது இவதானா?" என்று கேட்டுவிடுகிறார்கள். அந்தப் படத்தைப் பற்றித்தான் இன்று உன்னிடம் பேச வேண்டும்.

உன் கல்லீரலை மாற்றியே ஆக வேண்டும் என்றார் டாக்டர். என் ஈரலில் ஒரு பகுதி உனக்குப் பொருந்தும் என்று தெரிந்ததும் கட்டிப்பிடித்து அழுதோமே. பொருந்தாதது ஆஸ்பத்திரிச் செலவு மட்டும்தான். அரசுக் காப்பீடு போக, உன் பார்லரையும் என் வீட்டையும் சேர்த்து விற்றாலும் எட்டாது.

இணையத்தில் சிகிச்சைக்கு நிதி திரட்டித் தரும் ஓர் அமைப்பிடம் போனோம். படத்தை நீயே தேர்ந்து கொடுத்தாய். பச்சைப் பட்டு, தலை நிறையப் பிச்சிப்பூ, சிரித்த முகம். ஒரு வாரத்தில் வந்த பணம் மருந்துச் செலவுக்குக்கூடப் போதவில்லை. அமைப்பிலிருந்து ஒரு பெண் தணிந்த குரலில் பேசினாள்: "அக்கா, இந்தப் படத்தைப் பார்த்தா யாருக்கும் இரக்கம் வராது. இப்ப இருக்கிற மாதிரி ஒண்ணு அனுப்புங்க."

கேட்டால் நீ விடமாட்டாய். மறுநாள் மத்தியானம் நீ உறங்கும்போது எடுத்தேன். மூக்கில் குழாய், மஞ்சள் பூத்த முகம், ஊதிய வயிறு, பாதி திறந்த வாய். வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் வரைக்கும் அது போயிற்று. பணம் வரத் தொடங்கியது.

நீ அலங்கரித்து அனுப்பிய பெண் ஒருத்தி உன்னைப் பார்க்க வந்தவள், அழுதுகொண்டே போனில் அந்தப் படத்தைக் காட்டிவிட்டாள். நீ வெகுநேரம் அதையே பார்த்தாய்.

"எக்கா, ஒறங்கிட்டு கெடக்கும்போ எடுத்தியா?"

"ஆமாட்டி."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ சம்மதிப்பியா மக்கா?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். இரண்டு நாள் என் கையால் கஞ்சி குடிக்கவில்லை. மூன்றாம் நாள் நீயாகவே கேட்டாய்: "ஆளுவ குடுக்காவளா?" குடுக்காவ, தெனமும் வருது என்றேன். "அப்ப இருக்கட்டும். எனக்கும் உயிரோட இருக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு."

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு நான்கு நாள் இருக்கும்போது உனக்குக் காய்ச்சல் கண்டது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நீ போய்விட்டாய். உனக்கென்று வைத்திருந்த ஈரல் என்னிடம் முழுசாகக் கிடக்கிறது மெர்சி. நீ என்னை மன்னித்தாயா? அதைக் கேட்காமலே இருந்துவிட்டேன்.

மிஞ்சிய பணத்தை அமைப்பில், கொடுத்தவர்களின் சம்மதத்தோடு, திற்பரப்புப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் தங்கமணிக்குத் திருப்பிவிட்டார்கள். அவளுக்கும் ஈரல்தான். கொடுக்க அவள் தம்பி இருந்தான். ஆனால் இன்னும் பணம் தேவைப்பட்டது, அதற்குப் படமும். நானே ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் கேட்டேன், எடுக்கட்டுமா என்று.

கொஞ்சம் யோசித்தாள். "எடுங்கக்கா. ஆனா முகம் தெரியாண்டாம். எம் பிள்ளையளுக்க கூடப் படிக்கியதுவ பாக்கும்லா."

கைகளை மட்டும் எடுத்தேன். பணம் மெல்லத்தான் வந்தது. இன்னொரு சாவும் என் தலையில் விழுமோ என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன். எப்படியோ சேர்ந்தது, ஆபரேஷனும் நடந்தது.

"எக்கா, அவ எழும்பி நடந்துட்டா!" என்று அவள் புருஷன் போனில் கத்தினான். சந்தோஷம் என்று சொல்லிவிட்டு அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அல்ல. அவளுக்குக் கிடைத்தது உனக்கு ஏன் கிடைக்கவில்லை? பொறாமைதான். உன்னைத் தவிர யாரிடம் இதைச் சொல்வேன்?

தங்கமணி வீட்டுக்கு வந்துவிட்டாள். என்னைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஏதேதோ சாக்குச் சொல்லிவிட்டேன். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவேன். அவள் எதிரே வந்து நிற்கும்போது அவளிடத்தில் உன்னைத் தேடமாட்டேன். அவள் இலையில் விளம்பும் சோற்றை வயிறு நிறையச் சாப்பிடுவேன். சத்தியம் மக்கா.

உன் கூடப்பிறந்தவள்,
புஷ்பம் அக்கா