மாட்டுப் படிப்பு

சென்னை,
6-2-1938

அன்புள்ள அண்ணனுக்குச் சௌந்திரம் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதுவதே இல்லை.

சீமையில் போய்ப் படிக்க எனக்கு உபகாரச் சம்பளம் கிடைத்துவிட்டது அண்ணா! எந்தப் படிப்பு என்பதை நானே சொல்ல வேண்டுமாம். லண்டனில் ஆசிரியப் பயிற்சி, ஒரு வருஷம். இல்லையென்றால் ரெடிங் என்ற ஊரில் பால்பண்ணைப் படிப்பு, இரண்டு வருஷம். காலேஜில் எல்லோரும் லண்டன் என்கிறார்கள். என் மனசு ரெடிங்கில் கிடக்கிறது. உங்கள் சம்மதம் வேண்டும்.

உங்கள் தங்கை,
சௌந்திரம்


மோகனூர்,
14-2-1938

அம்மிணிக்கு ஆசீர்வாதம். அம்மாவுக்கு வலி தேவலை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "மாடு மேய்க்கவா சாமி கப்பலேறிப் போகோணும்? இங்கயே கட்டுத்தறி நெறைய நிக்குதே" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா போன பிறகு உன்னைப் பட்டணத்தில் படிக்கவைக்க நான் எத்தனை பேர் வாயில் விழுந்தேன் என்று உனக்கே தெரியும். ஒரு வருஷம் என்றால் உன்னைப் பெண் கேட்டிருக்கும் மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பார்கள். வாத்தியாரம்மா என்றால் மரியாதையும் உண்டு. சாணி அள்ளுகிற படிப்புக்கு இரண்டு வருஷம் எவன் காத்திருப்பான்? லண்டன் என்றே எழுதிக் கொடு.

நாச்சிமுத்து


சென்னை,
20-2-1938

அன்புள்ள அண்ணனுக்கு,

ரெடிங் என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நம் பக்கம் மாட்டைக் கறப்பது, கன்றுக்கு மருந்து வைப்பது எல்லாம் பெண்கள்தான். போன சித்திரையில் காலைப் பால் நாமக்கல் போய்ச் சேருவதற்குள் திரிந்துபோய், பக்கத்து வீட்டு முத்தாயம்மாள் குடத்தைக் காவிரியில் கவிழ்த்துவிட்டு அழுதாளே, நீங்களும்தானே பார்த்தீர்கள்? பாலைக் கெடாமல் காப்பாற்றச் சொல்லித்தர ஒரு காலேஜ் இருக்கும்போது நான் போகாமல் வேறு யார் போவது? காத்திருக்க முடியாத மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்க்கச் சொல்லுங்கள். என்மேல் கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

சௌந்திரம்


மோகனூர்,
10-7-1938

அம்மிணிக்கு,

சந்தோஷ சமாசாரம். எனக்குப் பரமத்தியில் பெண் நிச்சயமாகிவிட்டது. பெயர் கமலவேணி. முகூர்த்தம் ஆவணி இருபத்திரண்டு. உன் கப்பல் ஆவணி பதினெட்டு என்று எழுதியிருந்தாய். நம் வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. இணைச்சீரில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கூறைச்சேலையின் ஒரு தலைப்பைப் பிடித்து நின்ற பிறகுதான் தாலி. எனக்கு இருப்பது நீ ஒருத்தி. படிப்பு எங்கும் ஓடிவிடாது. அடுத்த வருஷம் போகலாம். அப்போது லண்டனுக்கே போகலாம்.

நாச்சிமுத்து


சென்னை,
21-7-1938

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களுக்குக் கல்யாணம் என்றதும் விடுதி முழுக்கச் சர்க்கரை கொடுத்தேன். மறுநாள் நம் பச்சமுத்து மாமா ஏதோ வேலையாகப் பட்டணம் வந்தவர் என்னையும் பார்க்க வந்தார். "ஜோசியர் ரெண்டு நாள் குறிச்சுக் குடுத்தாரு சாமி. பொண்ணூட்டுக்காரங்க பன்னெண்டாந் தேதியே வெச்சுக்கலாம்னாங்க. உங்கண்ணன்தான் ஒரே புடியா இருவத்திரெண்டுன்னுட்டான்" என்றார்.

கப்பல் தேதி தெரிந்துதானே அந்த நாளைப் பிடித்தீர்கள்? சீரைக் காட்டியா என்னைக் கட்டிப்போடுவது? எனக்கே வெட்கமாக இருக்கிறது. பன்னிரண்டுக்கு மாற்றுங்கள், ஓடிவந்து கால் கடுக்க நிற்கிறேன். மாற்றாவிட்டால் அன்றைக்கு நான் கடலில் இருப்பேன். அடுத்த வருஷம் இந்த இடம் எனக்காகக் காத்திருக்காது.

சௌந்திரம்


மோகனூர்,
8-9-1938

சௌந்திரத்துக்கு,

கல்யாணம் முடிந்தது. பங்காளி வீட்டு வசந்தாமணி சீருக்கு நின்றாள். அம்மா பந்தலில் அழுதபடியே இருந்தாள். கேட்டவர்களுக்கு என்னால் பதில் சொல்லி மாளவில்லை. சேலையைப் பிடித்தவள்தான் தங்கை. இந்த வீட்டில் தங்கைக்கு உண்டான பாத்தியதை எல்லாம் இனி அவளுக்கு. நீ கடிதம் எழுத வேண்டாம்.

நாச்சிமுத்து


ரெடிங்,
2-10-1938

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

அம்மா அழுதாள் என்று படித்ததும் நானும் அழுதேன். கப்பலிலும் அந்த முகூர்த்த நாளன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்த நாளைப் பிடித்தது நீங்கள், நான் அல்ல. வசந்தாமணிக்குப் பொங்கல், தீபாவளி என்று நோம்பிக்கு நோம்பி நல்ல சேலையாக எடுத்துக் கொடுங்கள். கமலவேணி நங்கைக்கு என் வணக்கம்.

இங்கே குளிர் எலும்பைக் கடிக்கிறது. விடியும் முன்பே மாட்டுக் கொட்டகையில் நிற்க வேண்டும். சாணி அள்ளத்தான் செய்கிறேன். சந்தோஷமாக அள்ளுகிறேன்.

உங்களுக்கு இனி வசந்தாமணி தங்கையாக இருக்கட்டும். எனக்குப் பிறந்ததிலிருந்து நீங்கள்தான் அண்ணன். அதை அறுத்துவிட நம் வழக்கத்தில் ஒரு சீரும் கிடையாது. படிப்பு முடிந்ததும் நேரே மோகனூருக்குத்தான் வருவேன். நீங்கள் கதவைச் சாத்தினால் அம்மா திறப்பாள். அதுவரை மாதம் ஒரு கடிதம் வரும். கிழித்துப் போட்டாலும் வரும்.

உங்கள் தங்கை,
சௌந்திரம்