நான் சொல்லாமல் விட்ட மீதி

அக்கா,

போன வாரம் செம்மேட்டுச் சந்தையில் ஒரு தார்ப்பாய் மழையில் ஊறி நாறிக்கொண்டிருந்தது. குச்சிக்கிழங்குக் குவியலை அதனால் மூடியிருந்தார்கள். நீலம் வெளுத்துப்போயிருந்தாலும் ஒரு மூலையில் நம் நிறுவனத்தின் சின்னம் பாதி தெரிந்தது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் உங்கள் முகம் வந்துவிட்டது. மற்றவர்களுக்கெல்லாம் மல்லிகையும் சாம்பிராணியும் ஆளை நினைவுபடுத்துமாம். எனக்கு வாய்த்தது இதுதான்.

கிழங்கு விற்றவளிடம் உங்களைப் பற்றி விசாரித்தேன். "அந்தக்கா போயி மூணு மாசம் ஆச்சுங்களே, உங்களுக்குச் சொல்லலீங்களா?" என்றாள். யாரும் சொல்லவில்லை. சொல்லியனுப்பும் அளவுக்கு நான் உறவை வைத்துக்கொள்ளவும் இல்லை. மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்றும், கடைசியில் தண்ணீர்கூட இறங்கவில்லை என்றும் அவள் சொல்லச் சொல்ல, நான் அந்தத் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒன்றும் வாங்காமல் ஜீப்புக்குத் திரும்பினேன்.

ஜீப்புக்குள் நான் ஏற்றி வந்த சரக்கைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஊருக்கு ஒன்றாக மாட்டப் பூட்டுப் போட்ட புகார்ப் பெட்டிகள். கூடவே சுவரொட்டிகள்: ‘தயங்காமல் பேசுங்கள். உங்கள் பெயர் வெளியே வராது.’ அந்தத் தமிழ் என்னுடையது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் ‘நம் நிறுவனம்’ என்று வேறு எழுதிவிட்டேன், பாருங்கள். உங்களை வெளியே அனுப்பிய இடத்தை இன்னும் அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறது என் வாய்.

நாம் சந்தித்ததும் ஒரு மழையால்தான். அரியூர் நாட்டுப் பக்கம் மண் சரிந்து வீடுகள் இடிந்த வருடம், வெளிநாட்டில் தலைமையகம் வைத்திருக்கும் இந்த நிவாரண நிறுவனம் மலையேறி வந்தது. மலையில் பிறந்தவர் என்று உங்களைக் களப்பணிக்கு எடுத்தார்கள். கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னை, ஆங்கிலம் தெரியும் என்று ஒரு மாதக் கணக்கெடுப்புக்கு எடுத்தார்கள். அடிவாரத்துக் கடைக்காரர் மகள் நான். பஸ்ஸில் அத்தனை வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டே கடந்து வந்தவள். நீங்களோ தார்ப்பாய்க் கட்டைத் தலையில் வைத்து, வழுக்குப் பாறையில் வெறுங்காலோடு ஏறினீர்கள். என் செருப்பைப் பார்த்து, கல்யாணத்துக்கா வந்திருக்கிறாய் என்று கேட்டீர்கள். நான் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டால், "மெதுவா வா கண்ணு, மலை எங்கயும் ஓடிப்போயிடாது" என்பீர்கள். அவித்த கிழங்கில் பெரிய துண்டு எப்போதும் எனக்குத்தான் வந்தது.

அந்த மாதத்திலேயே ஒன்று உங்கள் கண்ணில் பட்டுவிட்டது. வீடு இழந்தவர்களுக்கு உதவ நாம் எழுதிக் கொடுத்த பட்டியல் திட்ட அதிகாரியின் கையிலிருந்து திரும்பி வரும்போது சில பெயர்கள் இல்லாமல் வந்தது. எல்லாம் ஆண் துணை இல்லாத வீடுகள். புருஷன் செத்தவள், புருஷன் கேரளாவுக்குப் போனவள், புருஷன் விட்டுவிட்டுப் போனவள். செம்மேட்டு விருந்தினர் விடுதிக்குத் தனியாக வந்து கையெழுத்துப் போட்டால் பெயர் மறுபடி ஏறும் என்று அந்த மனிதர் அவர்களுக்குச் சொல்லியனுப்பினார். கூரைக்கு வழியில்லாத ஒரு பெண்ணிடம் எதைக் கேட்கக் கூடாதோ அதை அங்கே கேட்டார். உங்கள் ஊர்ப் பொன்னாயி கையை உதறிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் பிள்ளைகள் அந்த மழைக்காலம் முழுக்க மாட்டுக் கொட்டகையில் படுத்தன. உதற முடியாதவர்களும் இருந்தார்கள்.

என் மாதம் முடிந்து நான் இறங்கிய பிறகு, அவர்கள் ஒவ்வொருத்தியாக உங்களிடம் வந்து சொன்னார்கள். தலைமையகத்துக்குப் புகார் எழுதப் போவதாக என்னிடம் போனில் சொன்னீர்கள். பேர் போடாமல் அனுப்புங்கள் அக்கா, வேலை போய்விடும் என்றேன். "மொட்டக் கடுதாசி எழுதறது கள்ளப்பய வேல கண்ணு" என்று சொல்லிவிட்டு, செம்மேட்டில் டைப் அடிக்கிற கடையில் கொடுத்து, உங்கள் பெயரையும் ஊரையும் போட்டே அனுப்பினீர்கள்.

விசாரிக்க இரண்டு பேர் வந்தார்கள். வெளிநாட்டு அம்மையார் ஒருவர், தில்லிக்காரர் ஒருவர். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். புகார் கொடுத்தவரை எனக்குத் தெரியும் என்று சொன்னேன். வேறு ஆள் கிடைக்கவில்லை, பரவாயில்லை என்றார்கள். விசாரணையை எங்கே வைத்தார்கள்? அதே விருந்தினர் விடுதியில்.

இவர்களைக் கெட்டவர்கள் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும். கெட்டவர்கள் இல்லை. மேசைமேல் தண்ணீர் வைத்தார்கள், கண் துடைக்கக் காகிதம் வைத்தார்கள், கதவைத் தாழிட்டார்கள். முதலில் வந்தவள் பொன்னாயி. இந்த அறையில் சொல்வது இந்த அறையைத் தாண்டாது என்று அம்மையார் உறுதி கொடுத்தார். நான் தமிழில் சொன்னேன். பொன்னாயி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தாண்டாதுன்னா அப்பறம் எதுக்குங்க சொல்றது?"

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மையார் இரக்கத்தோடு தலையசைத்துவிட்டு, சாட்சி பேச விரும்பவில்லை என்று எழுதிக்கொண்டார். அடுத்து வந்தவர்களும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். அவர்களுக்கும் அதே வரி.

அவர்கள் பேச மறுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அடிவாரத்தில் எங்கள் அத்தா கடைக்கு வரும் மலைக்காரர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். வாங்கிப்போன டார்ச் லைட் எரியவில்லை என்றால் ஓரமாக வந்து காதைக் கடிக்க மாட்டார்கள். கடை நிறைய ஆள் நிற்கும்போது அத்தாவின் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். அத்தாவுக்கு மானம் போகும். ஆனாலும், மறைவில் சொன்னால் அவர்களுக்கு அது புறணி, நாலு பேர் முன்னால் சொன்னால்தான் அது பேச்சு என்று எங்களுக்கு விளக்குவார். உங்கள் ஊர்க்கூட்டத்திலும் அதுதானே வழக்கம். குறை சொல்கிறவரும் சொல்லப்படுகிறவரும் எதிரெதிரே நிற்க வேண்டும்.

அதனால்தான் அன்றைக்குக் காலையிலிருந்து விடுதிக்கு வெளியே அத்தனை பெண்களும் சோற்றைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆளை எப்போது அழைத்து வருவார்கள் என்று காத்திருந்தார்கள். தில்லிக்காரர் ஜன்னல் வழியாக அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. உங்களை உள்ளே கூப்பிட்டு, இவர்களை வரச் சொன்னது நீங்களா என்று கேட்டார்.

"ஆமாங்க, நாந்தான் வரச் சொன்னேன்" என்றீர்கள்.

ஆங்கிலத்தில் சொன்னேன். நீங்கள் நிறுத்தவில்லை.

"அந்தாளக் கூட்டியாந்து நடுவுல நிறுத்துங்க. நாங்க அத்தன பேரும் இருக்கையில கேளுங்க. ஒவ்வொருத்தியும் எந்திரிச்சுச் சொல்லுவா. எங்கூருல அப்படித்தானுங்க கேக்கறது."

அதற்குள் தில்லிக்காரர் எழுத ஆரம்பித்திருந்தார். என்னைப் பார்க்காமலே இடது கையை உயர்த்தினார். போதும் என்று அர்த்தம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

நாலு வாக்கியம், அக்கா. அதைச் சொல்ல என் ஆங்கிலம் தாராளமாகப் போதும். பயந்துவிட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். பயம் இல்லை. குறுக்கே பேசாத நல்ல மொழிபெயர்ப்பாளர் என்று பேர் வாங்க வேண்டும், அடுத்த முறையும் என்னையே கூப்பிட வேண்டும் என்ற அரிப்பு. கூப்பிட்டார்கள்.

அறிக்கை வந்தது. குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை, சாட்சிகள் பேச முன்வரவில்லை, புகார்தாரர் கூட்டம் சேர்த்து விசாரணையின் இரகசியத்தைக் குலைத்தார். உங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த அதிகாரிக்குச் சால்வை போட்டு, வேறொரு நாட்டுக்குப் பதவி உயர்த்தி அனுப்பினார்கள். எனக்குச் சேலம் அலுவலகத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. உங்களைக் குற்றவாளியாக்கிய அந்தக் கடைசி வரிக்கு ஆதாரம் உங்கள் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு வாக்கியம். அதைப் பிழையில்லாமல் மொழிபெயர்த்தவள் நான்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. எத்தனையோ தூரத்திலிருந்து விசாரிக்க வருகிறவர்களுக்கு, எப்படி விசாரிப்பது என்றாவது தெரிந்திருக்கும் என்று நம்பினீர்கள் பாருங்கள், அந்த நம்பிக்கையின் மேல் கோபம். அதைவிட, ஒரு வருடம் கழித்துச் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் மிளகு மூட்டையோடு நின்ற நீங்கள் என்னைத் திட்டாததன் மேல் கோபம். சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள். உடம்பு இளைத்துப் போயிருந்தீர்கள். பிறகு சாதாரணமாக, "நாஞ் சொன்னதையெல்லாம் நீ சொல்லத்தான் சொன்ன, அவுங்க காதுல ஏறல. உம் மேல என்ன தப்பு?" என்றீர்கள். ஆமாம் அக்கா என்றேன். அந்த ஆமாம் சொன்ன வாயோடு உங்கள் முன்னால் மறுபடி வந்து நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. மலைக்கு வேலை வந்தபோதெல்லாம் வேறு ஆளை அனுப்பினேன். இந்த முறை அனுப்ப ஆள் இல்லை.

சந்தையிலிருந்து நேராக உங்கள் ஊருக்குப் போனேன். பெட்டிகள் ஜீப்பிலேயே கிடந்தன. பொன்னாயி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களையும் கூப்பிடச் சொன்னேன். வந்தார்கள். அன்றைக்கு விடுதிக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேராவது இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். நீங்கள் சொன்னது என்ன, நான் சொன்னது எவ்வளவு, பஸ் ஸ்டாண்டில் உங்களிடம் சொன்ன பொய் என்ன, எல்லாவற்றையும். யாரும் என்னைத் தேற்றவில்லை.

"அவளுக்குத் தெரியுமா?" என்று பொன்னாயி கேட்டாள்.

தெரியாது என்றேன்.

"அவ இருக்கையில வந்து சொல்லியிருக்கோணும், சாமி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஆள் இப்போது எங்கே என்று கேட்டாள். சொன்னேன். அங்கே வெள்ளம், வீடு இழந்தவர்கள் நிறையப் பேர் என்றும் சொன்னேன்.

"அங்கயும் அவந்தான் பேரு எழுதறானா?"

எனக்குத் தெரியும். அலுவலகக் கடிதங்களில் அவர் பெயரும் பதவியும் மாதாமாதம் என் கண்ணில் படுகின்றன. ஆமாங்க என்றேன். அத்தனை பேர் முன்னால் நின்றுகொண்டு வேறென்ன சொல்ல முடியும்? "யாரு வந்து கேட்டாலும் இன்னிக்கும் ஊரு நடுவுல நின்னு சொல்லுவோம்" என்றாள் பொன்னாயி; மற்றவர்களும் தலையாட்டினார்கள். பிறகு அவள் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். நான் இறங்கி வந்துவிட்டேன்.

நேற்று அலுவலகத்தில் உட்கார்ந்து, உங்கள் நாலு வாக்கியங்களையும் ஆங்கிலத்தில் எழுதினேன். அன்றைக்கு எந்த இடத்தில் நான் நிறுத்தினேன் என்பதையும், பொன்னாயி உட்பட அந்தப் பெண்கள் ஊர் நடுவில் வைத்து இன்றைக்கும் சொல்லத் தயார் என்பதையும் எழுதினேன். கீழே என் பெயரைப் போட்டேன். தலைமையகத்துக்கு அனுப்பும் புகார்களுக்கென்று ஒரு இரகசிய முகவரி உண்டு. சுவரொட்டியில் நானே அச்சடித்த முகவரி. அதற்கு அனுப்பவில்லை. சேலத்தில் இருப்பவர்கள், தில்லியில் இருப்பவர்கள், தலைமையகத்தில் எனக்குத் தெரிந்த எல்லாரும் பார்க்கும்படி அனுப்பினேன். பெறுநர் வரிசையில் முதல் ஆளாக அந்த அதிகாரியைப் போட்டேன். உங்கள் ஊர் வழக்கத்தை ஆபீஸில் இவ்வளவுதான் செய்ய முடிந்தது.

இன்று காலை பதில் வந்துவிட்டது. அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இரகசியக் காப்பு விதியை மீறியதற்காக என்மீது விசாரணையாம். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று கடைசி வரியில் கேட்டிருந்தார்கள்.

வேண்டாம் என்று எழுதினேன், அக்கா.