செவ்வாய்க் கிணற்றில் கங்கா

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஸுப்ரியாவுக்கு, அம்மா எழுதுவது. பழயன்னூர் பகவதி புண்ணியத்தில் நானும் அப்பாவும் சௌக்கியம், அங்கே நீயும் ரோஹனும் குளிரில் ஜலதோஷம் வராமல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, சாயங்காலம் படகுத்துறை வரை நடக்கிறார். இதைப் போனில் சொன்னால் நடுவில் நூறு கேள்வி கேட்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பிறப்பதற்கு முன்னால், பிசிக்ஸ் படித்துவிட்டு வீட்டில் இருந்த காலத்தில், மெட்ராஸ் பத்திரிகை ஒன்றுக்கு விஞ்ஞானத் தொடர்கதை எழுதினேன். செவ்வாய்க் கிரகத்துக்குக் கிணறு தோண்டப் போகும் கங்கா என்ற பெண்ணின் கதை. ராக்கெட் கதையைப் பொம்மனாட்டி எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று பத்திரிகை ஆசிரியர் என் பெயரை எடுத்துவிட்டு, சங்கர்ராம் என்று போட்டார். கங்கா ஆழத்தில் இருக்கும்போது கயிறு அறுந்து விளக்கும் அணைந்துவிடும், அந்த இதழோடு பத்திரிகையே நின்றுவிட்டது. அப்புறம் கல்யாணம், ஸ்கூல் வேலை, நீ. கதையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன வாரம் போர்ட் கொச்சியில் விஞ்ஞானக் கதைகளின் சரித்திரம் பற்றி ஒரு கூட்டம், நானும் அப்பாவும் போயிருந்தோம். பேசியவன் ஹரிஷங்கர், காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல பிள்ளை. சந்திரனுக்குப் பறந்துபோகும் பழங்காலக் கதைகளிலிருந்து தொடங்கி அழகாகச் சொன்னான். பல தேசங்களில் பெண்கள் ஆண் பெயரில் ஒளிந்துகொண்டு எழுதினார்கள் என்றான். உடனேயே, தமிழில் சங்கர்ராம் என்று ஒரு இன்ஜினியர் இருந்தார், பாவம், கதையை முடிக்காமலே இறந்துபோனார் என்று சொல்லிவிட்டான். என்னை அறியாமலே எழுந்து, இறக்கவில்லை, நான்தான் அது என்றேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். அப்பா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, உட்காரு, எல்லாரும் பாக்கறா என்றார். ஹரிஷங்கர் மரியாதையாகத்தான், மாமி, அது வேறே ஆளா இருக்கும் என்றான். நான் உட்காரவில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து பிச்சைமணி என்பவர் எழுந்தார். திருநெல்வேலிக்காரர், இங்கே பிராட்வேயில் பாத்திரக்கடை வைத்திருக்கிறாராம், என் வயசுதான் இருக்கும். அது கெடக்கட்டும் சார், கங்கா மேல வந்தாளா இல்லியா, அத மொதல்ல சொல்லச் சொல்லுங்க, அந்தப் புள்ளைய இருட்டுல விட்டுட்டுப் போயிட்டாங்களேன்னு எத்தன வருசமா நெனச்சிருக்கேன் தெரியுமா என்றார்.

நான் சொன்னேன். மேலே இருந்தவர்கள் கயிறு தேடி அலைகிறார்கள், கிடைக்கவில்லை. கங்கா அழுதுவிட்டு, வந்த வேலையைச் செய்வோம் என்று இருட்டிலேயே தோண்டுகிறாள். பனி உடைந்து தண்ணீர் பீறிடுகிறது. முழங்கால், இடுப்பு, கழுத்து என்று ஏறி, அவளை மிதக்கவைத்துக் கிணற்றின் வாய்வரை கொண்டுவந்து விடுகிறது. பிச்சைமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்ப அவ தோண்டுன தண்ணியே அவளத் தூக்கிவிட்டிருக்கு என்றார். யாரும் சிரிக்கவில்லை.

நேற்று ஹரிஷங்கர் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டான், அடை போட்டுக் கொடுத்தேன். கடைசி அத்தியாயத்தை எழுதித் தந்தால் புத்தகமாகப் போடலாமாம், எந்தப் பெயரில் என்று கேட்டான். சங்கர்ராம்னாத்தானே நாலு பேருக்குத் தெரியும், அதுவே இருக்கட்டுமே என்றார் அப்பா. நான் இரண்டு நாள் டைம் கேட்டேன், அவன் வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். சங்கர்ராம் இறந்தவராகவே இருக்கட்டும், அட்டையில் என் பெயரைப் போடு என்று. அப்பா சாயங்காலம் எனக்கு ஒரு புதுப் பேனா வாங்கிவந்தார்.

வேளைக்குச் சாப்பிடு, காலுறை இல்லாமல் வெறுந்தரையில் நடக்காதே, ரோஹனிடம் அவன் அம்மாவுக்குப் போன் பண்ணச் சொல். நீங்கள் இருவரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

ஆசீர்வாதத்துடன்,
அம்மா
(எழுத்தாளர் அனந்தலக்ஷ்மி)