திறக்காதவர்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவைப் பற்றிக் கேட்டாய், சொன்னேன். என் வேலையைப் பற்றிக் கேட்டாய், அதையும் சொன்னேன். கடைசியில், உன் பொம்மை அலமாரியில் எல்லாம் அப்படியே இருக்கிறதா என்றாய். இருக்கிறது என்றேன். மேல்தட்டு காலி என்பதைச் சொல்லவில்லை. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம். இதோடு தட்டையாக ஓர் அட்டை இருக்கும். தயவுசெய்து இதைப் படித்த பிறகு அதைப் பார்.

மாடி ஏற முடியாததால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அப்பாவை உன் அறையில் படுக்க வைத்தேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? வாய் குழறுவது பெரும்பாலும் சரியாகிவிட்டது. வலது கைதான் வரவில்லை. மூக்குக்கண்ணாடியின் பொடித் திருகாணியைக் கண்ணை மூடிக்கொண்டு முடுக்கிய கை. நம் கண்ணாடிக் கடையை நான் திறந்து கூட்டுவதோடு சரி, மற்றபடி ஒன்றும் நடப்பதில்லை.

கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபி அக்கா நல்ல வாயாடி. பிசைய ஒரு மாவு உருண்டை, அழுத்த நாலு கிளிப் என்று கொண்டுவந்தார். அப்பா தொடவே இல்லை. இதெல்லாம் பச்சைப் பிள்ளைங்க வேலை என்றார். “ஆமா சார், பச்சைப் பிள்ளைங்க உங்களவிட நல்லாவே பண்ணுவாங்க” என்றார் அக்கா. அப்படிச் சொல்லிக்கொண்டே சும்மா இருக்காமல் அலமாரியிலிருந்து உன் நண்டுக்கையன் பொம்மையை எடுத்து அவன் முழங்கைக்குப் பின்னால் இருக்கும் விசையை அழுத்தினார். இடுக்கி திறந்து அப்பாவின் விரலைக் கவ்வியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் அப்பா சிரித்தார்.

அதன் பிறகு மாவு உருண்டை மூலைக்குப் போய்விட்டது. இரண்டு தொடையையும் சேர்த்து அழுத்தினால் கதாயுதத்தை ஓங்குவானே கொம்பன், அவன் அப்பாவின் உள்ளங்கைப் பிடிக்கு. இடுப்பைத் திருகிவிட்டால் சுழன்று அடிப்பானே பம்பரம், அவன் மணிக்கட்டுக்கு. முகமூடியனை வெந்நீரில் முக்கினால் நீல முகமூடி மறைந்து முகம் தெரியும், பச்சைத் தண்ணீரில் முக்கினால் திரும்ப வரும். அவனால் எந்த விரலுக்கும் பயனில்லை, ஆனால் அப்பாவுக்கு அவன்மேல்தான் பிரியம். தினமும் இரண்டு டம்ளர் கொண்டுவரச் சொல்வார்.

கடையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். நீ எனக்கு எப்போதோ சொன்னதையெல்லாம் அவராகவே கண்டுபிடித்து என்னிடம் சொல்கிறார். கொம்பனுக்கும் முகமூடியனுக்கும் உடம்பு ஒரே அச்சு, தலை மட்டும்தான் வேறு. பெல்ட்டுக்கு முன்பக்கம் மட்டும் பெயின்ட், பின்பக்கம் மிச்சம் பிடித்துவிட்டார்கள். எல்லாருக்கும் முழங்கால் எப்போதும் பாதி மடங்கியே இருப்பதால் ஒருவனாலும் நேராக நிற்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. ஒருநாள் கொம்பனின் முகத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு புருவத்தை மட்டும் மயிரிழை இறக்கி வைத்திருப்பதைக் காட்டினார். “இதைச் செஞ்சவன் சும்மா செய்யல” என்றார். உன் தொழிலைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. பொம்மை செய்யப் போகிறவனுக்கு வீட்டுச் சாவி எதற்கு என்று கேட்ட அதே வாய். நீ ஊரைவிட்டுப் போனதிலிருந்து நீங்கள் இருவரும் பேசுவதெல்லாம் என் வழியாகத்தான். அவனுக்கு ஜுரம் விட்டதா கேள், அவர் மாத்திரை போட்டாரா கேள். எனக்கு அலுத்துவிட்டது அண்ணா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கட்டத்தில் கட்டைவிரல் மேற்கொண்டு தேறாமல் அப்படியே நின்றுவிட்டது. பழைய விசைகள் எல்லாம் தளர்ந்தவை. சின்ன வயதில் நீ அழுத்தி அழுத்திப் பழக்கி வைத்தவை. இறுக்கமாக ஏதாவது வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது அறையில் திரை இழுத்திருந்தது. கட்டிலில் கிழிந்த பிளாஸ்டிக் கூடு. அப்பா கையில், மேல்தட்டில் பிரிக்காமலே நீ வைத்திருந்த திறக்காதவர்.

அவரை நாம் ‘வர்’ போட்டுக் கூப்பிட்டதே நீ யாரையும் தொடவிடாததால்தானே. முதுகுச் சக்கரத்தைத் தேய்த்தால் மார்புக் கண்ணாடிக்குள் தீப்பொறி பறக்கும் என்று அட்டைப் படம்தான் சொன்னது; நீயே பார்த்ததில்லை. அண்ணா, பறக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பறக்கிறது. தேய்த்தது அப்பாவின் வலது கட்டைவிரல். கூட்டை உரித்ததும் அதே கைதான். இடது கையால் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஓரத்திலிருந்து உரித்தாராம்.

நான் கூட்டைக் கையில் எடுத்ததைப் பார்த்துவிட்டு, அவன்கிட்ட சொல்லாதே என்றார். கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: “நான் வாங்கிக் குடுத்ததுல இது ஒண்ணைத்தான் அவன் பிரிக்கவே இல்ல. பிடிக்கலைன்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல. மாத்திக் குடுத்திருப்பேன்.”

இத்தனை காலம் அவர் அப்படித்தான் நினைத்திருக்கிறார். மிகவும் பிடித்ததைத்தான் உன்னைப் போன்றவர்கள் பிரிக்காமல் வைப்பீர்கள் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? எனக்கு நுனி நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. அதை நான் சொன்னால் அதுவும் இன்னொரு மாத்திரைச் செய்தியாகிவிடும்.

அட்டையின் மேல் மூலை கொஞ்சம் கிழிந்திருக்கிறது. படத்துக்குச் சேதமில்லை. அதன் மதிப்பு போய்விட்டது என்பது எனக்குத் தெரியும், உனக்கு எவ்வளவு வலிக்கும் என்பதும் தெரியும். அவரைக் காப்பாற்ற இதை எழுதவில்லை. கோபப்படு, திட்டு. ஆனால் என் வழியாக வேண்டாம். நேராக அவரிடமே திட்டு. திட்டி முடித்ததும், ஏன் பிரிக்கவில்லை என்பதையும் நீயே சொல். அது போதும்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. குளிருக்கு நல்ல ஷூவாக வாங்கிக்கொள். நீ எங்கே இருந்தாலும் உன் கைகள் நன்றாக இருக்கட்டும்.

என்றும் உன் அன்புத் தங்கை

*

இந்தக் கடிதம் அண்ணன் கைக்குப் போய்ச் சேர்வதற்குள், நான் வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம் அப்பாவே அவனைப் போனில் அழைத்து, கூட்டைக் கிழித்ததைச் சொல்லியிருக்கிறார். திட்டினானா என்று கேட்டேன். கொஞ்சம் என்றார். பிறகு என்னை உட்காரச் சொல்லி, பொம்மை சேர்ப்பவர்கள் ரொம்பப் பிடித்ததைப் பிரிக்கவே மாட்டார்கள் என்பதை எனக்கு நிதானமாக விளக்கினார். நான் முழுவதும் கேட்டுக்கொண்டேன்.