மறைவு என்று எழுதாத படம்

என் தங்கமான அக்காவுக்கு,

எப்படிக்கா இருக்கிறாய்? கால் உளைவு அங்கேயும் வருகிறதா? மூட்டுக்கு எண்ணெய் தடவிவிட யாராவது இருக்கிறார்களா? எனக்கு எழுத்து வராதென்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மகள் வாசுகிதான் எழுதுகிறாள். பாலர் பாடசாலை மிஸ் அல்லவா, என் பேச்சைக் கழுவித் துடைத்துத்தான் தாளில் வைக்கிறாள்.

தேற்றாத்தீவில் இப்போது கச்சான் காற்று. முகமெல்லாம் எரிகிறது. வாவி வற்றி, முழங்கால் சேற்றில் தோணியைத் தள்ள வேண்டியிருக்கிறது. இறால் பரவாயில்லை. முந்தாநாள் ஒரு கொடுவா பட்டது அக்கா, உன் கை நீளம் இருக்கும். வலையைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்ததென்று சொன்னால் நீ சிரிப்பாய். நான் ஏன் இப்போது கொடுவாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? சொல்ல வந்ததைச் சொல்லப் பயமாக இருக்கிறது, அதுதான்.

சொல்லுகிறேன். இரண்டு நாளாக நம் வேலிக் கடப்படியில் ஒரு மோட்டார்சைக்கிள் வந்து வந்து நிற்கிறது.

நீ போன நாளிலிருந்து தொடங்கினால்தான் உனக்கு விளங்கும். உன் மூத்தவன் சசியை வெள்ளை வேனில் கொண்டுபோனதிலிருந்து, மாதாமாதம் டவுனுக்குப் போய்ப் பூங்காவுக்கு முன்னால் மற்றத் தாய்மாரோடு அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தாயே. ஒரு தாய் செத்தால் அவள் பிடித்த படத்தை அடுத்தவள் வாங்கிப் பிடிக்க வேண்டும், நிலத்தில் வைக்கக்கூடாது என்று நீங்களே ஒரு வழக்கம் வைத்திருந்தீர்கள். ஆனால் உன்னை எடுத்த அன்றைக்குத்தான் அந்த மாதத்துக் கூட்டமும். எல்லாத் தாய்மாரும் உன் செத்த வீட்டில் இருந்தார்கள். சசியைப் பிடிக்க ஊரில் ஆள் இல்லை.

அன்றைக்கு அவனைப் பிடித்தது யார் தெரியுமா? சுவிஸில் ஒரு குர்து மனிசி.

என் மகன் குகன் அங்கே ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிறான் அல்லவா, அவளும் அவனுக்குப் பக்கத்தில் நின்று கழுவுகிறவள். அவளுடைய சனத்துக்கென்று ஒரு நாடு இல்லையாம், நாலு நாட்டுக்குள் பிரிந்து கிடக்கிறதாம். அவள் துருக்கிப் பக்கம். தங்கள் பாஷையில் பாட்டுப் படித்ததற்கும் அங்கே ஆட்களை மறியலில் அடைத்திருக்கிறார்கள். ஊர் ஊராக எரித்திருக்கிறார்கள். சனம் வாக்குப் போட்டுத் தெரிந்தெடுத்த நகரத் தலைவரைத் தூக்கிவிட்டு, அரசாங்கம் தன் ஆளைக் கதிரையில் இருத்துகிறதாம். அவளுடைய தம்பி அசாத்தையும் கொண்டுபோனார்கள். குகன் தொலைபேசியில் சொன்னான்: "அப்பா, அங்க வேன் இல்ல, கார். ஆனா அதுவும் வெள்ளதான்."

நீ செத்த செய்தி கேட்டு குகன் குசினியில் அழுதிருக்கிறான். விசயத்தைக் கேட்ட அந்த மனிசி அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய், அங்கே தங்கள் ஆட்களின் கூட்டத்தில் சசியின் படத்தைப் பிடித்து நின்றாள். அதைக் குகன் போட்டோ எடுத்து அனுப்பினான், பெயரைத் தமிழில் எழுதியிருந்தாள் அக்கா. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. ஆனால் சசிதரன்தான் என்று வாசுகி வாசித்துச் சொன்னாள்.

இப்போது நம் முறை வந்திருக்கிறது. அவளுடைய தாய் பெயர் குலே. உன்னைப்போலத்தான், ஊரில் கிழமைக்கு ஒருநாள் மகன் படத்தோடு போய் வெளியில் இருக்கிறவள். இருக்கும் இடத்தைப் பொலிஸ் வேலி போட்டு அடைத்துவிட்டது. போன மாதம் கிழவியை வீட்டில் வந்து பிடித்து, மூன்று நாள் வைத்திருந்து, இன்னொரு தரம் படத்தோடு கண்டால் மறியல்தான் என்று சொல்லி விட்டிருக்கிறார்கள். அவள் அழவில்லையாம். "என்னை மறிக்கிறார்கள், அசாத்தை ஏன் வீட்டில் வைத்திருக்க வேண்டும்? சசியின் ஊரில் அவனை வெளியில் கொண்டுபோங்கள்" என்று மகளிடம் சொல்லியிருக்கிறாள். காணாமல் ஆக்கப்பட்டோர் நாளுக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறது.

குகன் அனுப்பிய அசாத்தின் படத்தைச் சந்தியில் உள்ள அச்சுக்கடையில் பெரிதாக்கக் கொடுத்தேன். பின்னேரம் நானும் வாசுகியும் எடுக்கப் போனால், கடைக்காரன் பழக்க தோசத்தில் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, கீழே 'தோற்றம்', 'மறைவு' என்று போட்டு, கண்ணீர் அஞ்சலியாகவே அடித்து வைத்திருக்கிறான். வாசுகிக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

"மறைவு எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? நீங்க கண்டீங்களா?"

"புள்ள, பெரிய படம் எண்டா எல்லாரும் இதத்தானே கேக்கிற. வெளிநாட்டு ஆள் மாதிரி இருக்கு, விளக்கு வேணாமெண்டா சிலுவை போடவா?"

"ஒண்டும் போடாதீங்க. அவன்ட முகத்த மட்டும் அடிச்சுத் தாங்க."

அடித்துத் தந்தான். நல்ல முகம் அக்கா, மீசை இப்போதுதான் முளைக்கிறது. ஆனால் பிழையாக அடித்ததை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தோம். அதைக் கிழித்துப் போட வேண்டுமென்று எனக்குப் புத்தி வரவில்லையே!

மறுநாள் மோட்டார்சைக்கிள் வந்தது. சிவில் உடுப்பில் இரண்டு பேர். ஒருவன் பேசினான், மற்றவன் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, சுகமா? இறால் நல்லாப் படுதாம்."

"ஓம் தம்பி, படுது."

பைலைத் திறந்து அந்தக் குத்துவிளக்குப் படத்தை எடுத்தான். "இவர் ஆர்? உங்கட சொந்தமா?"

"ஓம்" என்றேன். எப்படி வாயில் வந்ததோ தெரியாது.

"எந்த வழியில?"

"அக்காட வழியில."

சிரித்தான். கண் சிரிக்கவில்லை. "மருமகன் சசிதரன்ட படத்த நீங்க தாராளமாப் பிடிங்க, நாங்க ஒண்டும் சொல்ல மாட்டம். இது வேற. வெளிநாட்டுத் தொடர்பு எண்டு எழுத வேண்டி வரும்." திரும்பிப் போகும்போது சொன்னான்: "வாசுகி மிஸ்ஸுக்கு நிரந்தர நியமனம் வரப்போகுதாமே, சந்தோசம். அதுக்கு எங்கட ரிப்போட்டும் கேப்பாங்க."

அக்கா, நான் பயந்துதான் போனேன். உன்னிடம் மறைத்து என்ன? எத்தனை வருசமாக அந்த வேலைக்குக் காத்திருக்கிறாள். அசாத்தைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைக்கச் சொன்னேன்.

"குலே அம்மாக்கு என்னெண்டு சொல்லி அனுப்புவம் மாமா?"

"சுகமில்லை எண்டு சொல்லன்."

"ஆருக்குச் சுகமில்ல? உங்களுக்கா, எங்கட ஊருக்கா?"

நான் கிழிந்த வலையை இழுத்துப் போட்டுத் தைக்கத் தொடங்கினேன். மறுகா அவளே சொன்னாள்: "அண்ணன்ட படத்தோட நிண்ட அந்த அக்காக்கும் ஒரு வேலை இருந்ததுதானே மாமா. நீங்க பிடிக்காட்டி நான் பிடிப்பன். நியமனம் வந்தா வரட்டும், வராட்டி கிடக்கட்டும்."

நீ இருந்திருந்தால் அவளைத் தடுத்திருப்பாயா? இல்லை, எனக்குத்தான் ஏசியிருப்பாயா? இரவு முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தேன். மோட்டார்சைக்கிள் இன்றைக்கும் வந்துவிட்டது. பின்னால் ஒரு ஜீப்பும் நிற்கிறதாம், வாசுகி எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுகிறாள்.

சரி அக்கா, கேட்டுக்கொள். உன் மேல் சத்தியம். அவளுக்கு முன்னால் நான் நிற்பேன், வலக்கையில் சசி, இடக்கையில் அசாத். பூங்காவுக்கு முன்னால், வெயிலில், எல்லாரும் பார்க்க. பெயரையும் சத்தமாகச் சொல்லுவேன். முதலில் சசிதரன் என்று சொல்லுவேன், மறுகா

அம்மா, மாமாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். "சேட்டப் போட்டுட்டு வாங்க ஐயா, அஞ்சு நிமிசக் கதைதான்" என்றார்கள். அண்ணனிடமும் இதைத்தானே சொன்னார்கள்? மாமாவோடு ஜீப் போய்விட்டது. தூசி இன்னும் அடங்கவில்லை.

மாமா விட்ட இடத்திலிருந்து நான் எழுதுகிறேன். மறுகா அசாத் என்று சொல்லுவோம். அதற்குள் மாமா வீடு வந்து சேராவிட்டால், மூன்றாவது பெயரையும் நானே சொல்லுவேன்.

உன் தம்பிக்காகவும்,
உன் மகள் வாசுகி