அரை வடாபாவும் ஒரு கையெழுத்தும்

போபோடி, புனே
ஆகஸ்ட் 2, ஞாயிறு

அன்பு மகள் கீர்த்திக்கு,

அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். உடம்பைத்தான் சொன்னேன், மனசைச் சொல்லவில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஐந்து வாரமாக நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பா எடுத்து அம்மா குளிக்கிறாள் என்கிறாரே, ஐந்து வாரம் எவளாவது குளிப்பாளா? நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு நீ பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இங்கே மழை விடாமல் பெய்கிறது, துணி எதுவும் காய்வதில்லை, வீடெல்லாம் ஈர வாடை. அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, ஆனால் சர்க்கரையை வைத்துக்கொண்டு டீக்கடையில் என்னென்ன தின்கிறார் என்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நடந்ததை முழுசாகச் சொல்ல அன்றைக்கு நீ விடவில்லை, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அது ஒரு சௌகரியம். நம் சந்துக்குப் பின்னால் எழும்பியிருக்கிற இருபது மாடிக் கட்டடத்திலிருந்துதான் இப்போது நம் வீட்டுப் பாளணாகருக்கு முக்கால்வாசிப் பிள்ளைகள் வருகிறார்கள். வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலையில் விட்டுச் சாயந்திரம் கூட்டிப்போகிறார்கள், மதியச் சாப்பாட்டு டப்பா அவரவர் வீட்டிலிருந்து வரும், நாலு மணிக்குத் தின்ன மட்டும் நான் கொடுப்பேன். வாழைப்பழம், சுண்டல், போஹா, ராஜ்கிரா லட்டு, இப்படி ஏதாவது. மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மட்டும் கோவிந்தராஜ் வண்டி வடாபாவ். அதுவும் எப்படி? மூன்றரை மணிக்கு அவன் புது எண்ணெய் ஊற்றுவான், நான் தூக்குவாளியோடு போய் நின்று முதல் ஈட்டை வாங்கி வருவேன், பன்னுக்குள் உருளைக்கிழங்கு வடை மட்டும்தான், காரச் சட்னி கிடையாது, மிளகாய் கிடையாது, ஒன்றை இரண்டாக வெட்டி இரண்டு பிள்ளைகளுக்குப் பாதிப் பாதி. அந்தப் பாதிக்காக அதுகள் மாதம் முழுக்கக் காத்திருக்கும், பங்காளியைத் தேடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காரும். நீயும் அப்படி உட்கார்ந்தவள்தான், உன் வயிற்றுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

பதினொன்றாம் மாடியில் வைஷு என்று ஒருத்தி, தானேயில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், கம்ப்யூட்டர் வேலை, புருஷன் சாகணில் கார் ஃபேக்டரி இன்ஜினியர். அவள் மகன் அனிருத்துக்கு நாலு வயசு. ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை அவன் வீட்டுக்குப் போய் வடாபாவ் தின்ற கதையைக் கொண்டாட்டமாகச் சொல்லியிருக்கிறான். அன்றைக்கே இவள் அந்தக் கட்டடத்துத் தாய்மார்களின் வாட்ஸப் குழுவில் எழுதிவிட்டாள். ரோட்டுக் குப்பையைப் பச்சைப் பிள்ளைகள் வாயில் பெற்றவர்களுக்குத் தெரியாமல் திணிக்கிறேனாம் நான், இது பாளணாகரா சாட் வண்டியா என்று கேட்டிருந்தாள், தன் வீட்டில் சிறுதானியமும் பழமும் தவிர வேறு எதுவும் பிள்ளை வாயில் படாது என்று ஒரு வரி வேறு. அடுத்த ஒரு வாரத்தில் பன்னிரண்டு பிள்ளைகளில் ஏழு பேர் நின்றுவிட்டார்கள். கிட்டுவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், கீர்த்தி. எட்டு மாசக் குழந்தையாக என் மடியில் வந்தவன், அனிருத்தின் வடாபாவ் பங்காளி. கேமரா வைத்த இடத்தில் சேர்த்திருக்கிறார்களாம். இருபத்திரண்டு வருஷத்தில் என்னை ஒருத்தர் ஒரு சொல் சொன்னதில்லை.

அவள் குழுவில் எழுதின இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, உனக்குப் போன் செய்து அழுதேன். நீ என்ன சொன்னாய்? அம்மா, அவங்க சொன்னதுல என்ன தப்பு, பெத்தவளைக் கேக்காம நீ எப்படிக் குடுக்கலாம் என்றாய். வைத்துவிட்டேன் போனை. ஊரான் பெற்ற பெண் சொன்னது முதுகில் அடித்த மாதிரி, நீ சொன்னது வயிற்றில் அடித்த மாதிரி. அதற்கப்புறம் எனக்கு ஒரே ஒரு வேலைதான், அவளை என்ன செய்யலாம் என்று யோசிப்பது. பாத்திரம் தேய்க்கும்போது யோசித்தேன், கோலம் போடும்போது யோசித்தேன். அதையே நினைத்துக்கொண்டு மாவு பிசைந்ததில் சப்பாத்தி அத்தனை மெதுவாக வந்து அப்பா இரண்டு அதிகமாகச் சாப்பிட்டார். போனால் போகிறது விடு பவுன் என்றார் மனுஷன். விடுவேனா?

வழி என் அலமாரியிலேயே இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் ஒரு நீட்டு நோட்டு போட்டுத் தமிழில் எழுதுவேன் அல்லவா, டப்பாவில் என்ன வந்தது, எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்குத் தூங்கியது, எத்தனை தடவை வெளிக்குப் போனது, எல்லாம். சாயந்திரம் பெற்றவர்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தமிழ் தெரியாதவர்களுக்கு நான் வாயால் சொல்லுவேன், அவர்கள் கேட்டுவிட்டுப் போடுவார்கள். வைஷு சேர்ந்த அன்றைக்கு அவளுக்கும் சொல்ல வாயெடுத்தேன், நானும் தமிழ்தானே ஆன்ட்டி, படிச்சுக்கறேன் என்றாள். ஒரு வருஷமாகத் தினமும் நோட்டை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்ப்பாள், தலையாட்டுவாள், கையெழுத்துப் போடுவாள். அனிருத் நோட்டை எடுத்துப் புரட்டினேன். திங்கட்கிழமை, ஆறிப்போன பீட்சா இரண்டு துண்டு. அடுத்த திங்கட்கிழமை, பாதி பர்கர், சிப்ஸ். அதற்கடுத்தது, மறுபடி பீட்சா, ஓரம் மட்டும் மிச்சம். நாற்பத்தொரு திங்கட்கிழமை, ஒவ்வொன்றின் கீழேயும் அவள் கையெழுத்து, சுழித்துச் சுழித்து. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவளுக்குத் தமிழில் ஒரு வரி படிக்கத் தெரியாது. தெரிந்தவள் இத்தனைக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குழுவில் சிறுதானியம் என்று எழுதுவாளா? தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வருஷம் தலையாட்டியிருக்கிறாள். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல, உன் நர்ஸ் வேலை ஆர்டர் வந்தபோதுகூட நான் அப்படிச் சிரிக்கவில்லை.

ஜூலை பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டடத்து ஹாலில் தாய்மார்கள் கூட்டம், பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கலாம் என்ன கொடுக்கக்கூடாது என்று பேச. பேசப்போவது யார்? இவளேதான். நம் பாத்திமா, தன் மகளை நம்மிடமே விட்டு வைத்திருக்கிற அந்தத் தமிழ் படித்த பாங்க் பெண், அதே கட்டடம்தான், அவள்தான் வந்து சொன்னாள், நானே கூட்டிட்டுப் போறேன் ஆன்ட்டி என்றாள். நீ வாங்கிக் கொடுத்த நீலப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, நோட்டைக் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அவள் பேசி முடிக்கும்வரை வாயே திறக்கவில்லை. முடித்ததும் எழுந்து போய் நோட்டை அவள் கையில் கொடுத்து, இதுவும் பிள்ளைகள் சாப்பாட்டு விஷயம்தான்மா, நம்ம தமிழ்தான், நீயே எல்லாருக்கும் கேக்கற மாதிரி படி என்றேன். திறந்தாள். பார்த்தாள். பக்கத்தைத் திருப்பினாள். ஹாலில் முப்பது பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள், இவள் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. கழுத்திலிருந்து காது வரை சிவந்துபோனாள். நான் அவசரப்படவேயில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம் பாத்திமா நோட்டை வாங்கித் தேதியோடு நாலு திங்கட்கிழமை படித்தாள். மராத்திக்காரர்கள் இந்தியில் சொல்லுங்கள் என்றார்கள், ஆனால் பீட்சாவையும் பர்கரையும் எந்த மொழியில் மாற்றிச் சொல்வது? சிரித்தார்கள் பார், கூரை இடிகிற மாதிரி. மறுநாளிலிருந்து பிள்ளைகள் திரும்பி வர ஆரம்பித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவளே அனிருத்தைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னாள், அவருக்குச் சனி ஞாயிறுகூட ஃபேக்டரிதான் ஆன்ட்டி, வாரம் முழுக்க நானும் லேப்டாப்பும்தான், ஞாயித்துக்கிழமை மட்டும் இவனை வெளிய கூட்டிட்டுப் போவேன், பீட்சா சாப்பிட்டுக்கிட்டே ஒரு மணி நேரம் என்கிட்டப் பேசிட்டே இருப்பான், அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு அவன். அந்த வெள்ளிக்கிழமை வந்து, மம்மி உன் பீட்சாவைவிட ஆன்ட்டியோட பாதிதான் நல்லா இருக்குன்னான், எனக்கு வயிறெரிஞ்சுபோச்சு, எழுதிட்டேன் என்றாள். அதைக் கேட்டு நான் இளகிவிட்டேன் என்று நினைக்காதே. நான் கிட்டுவை நினைத்துக்கொண்டேன். பையனைச் சேர்த்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனை, தினமும் சாயந்திரம் நோட்டை என் முன்னால் வாய்விட்டுப் படித்தபிறகுதான் கையெழுத்து, படிக்காமல் பிள்ளை வாசல் தாண்டாது என்றேன். நீ சொன்னதையும் மறக்கவில்லை. எல்லாப் பிள்ளைகள் நோட்டிலும் கடைசி வெள்ளிக்கு முந்தின நாள் கொடுக்கலாமா வேண்டாமா என்று கேட்டு எழுதி வாங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அது நீ சொன்னதற்காக இல்லை, எனக்கே தோன்றியது என்று வைத்துக்கொள்.

அதற்கப்புறம் பதினாலு சாயந்திரம் என் வாசலில் நல்ல வேடிக்கைதான். யூட்யூபில் பார்த்து எழுத்தைக் கற்றுக்கொண்டு வந்தாள், எழுத்துக் கூட்டிக் கூட்டி, வியர்த்து வழிய, மற்றத் தாய்மார்கள் செருப்பைப் போட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் பார்க்க. நான் வேண்டுமென்றே நீட்டி எழுதினேன். தூங்கினான் என்று எழுதவேண்டிய இடத்தில் கொட்டாவி விட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு குப்புறப் படுத்துறங்கினான் என்று எழுதினேன். புடலங்காய்ப் பொரியலில் அரை மணி நேரம் நின்றாள். திங்கட்கிழமைப் பீட்சாவை விடாமல்தான் அனுப்பினாள், அதையும் எழுதினேன், அதையும் அவள் வாயாலேயே படித்தாள். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம்.

போன வியாழக்கிழமை, நாளைக்குக் கடைசி வெள்ளி, அனிருத்துக்கு அரை வடாபாவ் கொடுக்கலாமா என்று எழுதியிருந்தேன். தடங்கல் இல்லாமல் படித்தாள். பேனாவை வாங்கி, கையெழுத்துக்கு மேலே, கோணல்மாணலாக, தமிழில் ஒரு வரி எழுதினாள். முழுசா கொடுங்க ஆன்ட்டி. நான் கொடுக்கவில்லை. என் வீட்டில் பாதிதான், அதில் மாற்றம் கிடையாது, மாதம் ஒரு நாள், பாதி, கேட்டுவிட்டு, அவ்வளவுதான் என் கணக்கு. மற்ற எல்லாப் பிள்ளைகளும் பங்காளியோடு உட்கார்ந்தார்கள், அனிருத் பக்கத்தில் யாரும் இல்லை. கிட்டு எங்கே என்று கேட்டான். போன ஏழு பேரில் ஆறு பேர் வந்துவிட்டார்கள், கிட்டு வரவில்லை, இனி வரமாட்டான். அந்த மற்றப் பாதியை நான் மூடி வைத்தேன். சாயந்திரம் அவள் வந்ததும் தட்டில் வைத்து நீட்டினேன், ரோட்டுக் குப்பைதான், இங்கேயே நின்னு தின்னு, இது கிட்டுவோட பாதி என்றேன். எல்லாரும் பார்க்க வாசற்படியில் உட்கார்ந்து, அனிருத்தை மடியில் வைத்துக்கொண்டு தின்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, நிறுத்தாமல் கடைசித் துண்டு வரை தின்றாள். ஐந்து வாரமாக இப்படி ஒரு நாளுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வந்தது, பார்த்தேன், உள்ளே போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அவள் விஷயம் முடிந்தது. இனி உன் விஷயம். நீ சொன்னது சரிதான் கீர்த்தி, கேட்டிருக்க வேண்டும், கேட்காதது என் தப்புதான். சரியாக இருந்ததால்தான் எனக்கு அத்தனை வலித்தது. ஆனால் சரியானதைச் சொல்ல அன்றைக்கு ஒரு நாள் பொறுத்திருக்கலாம் நீ, முதலில் என்னோடு சேர்ந்து அவளைத் திட்டிவிட்டு மறுநாள் சொல்லியிருக்கலாம். பெற்ற தாய்க்கு அந்த ஒரு நாள் கிடையாதா? இன்னொன்று, போன மாதம் நீ அனுப்பிய படத்தில் உனக்குப் பின்னால் இருக்கிற குப்பைக்கூடையைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பர்கர் டப்பா நாலு எண்ணினேன். நாலு வயசுப் பிள்ளைக்கு மாதம் அரை வடாபாவ் ஆகுமா ஆகாதா என்று எனக்குச் சொன்னவள் நீ. ஒரு சாதமாவது வடித்துச் சாப்பிடு, ரசப்பொடி தனியாகப் பார்சல் வருகிறது, காலில் சாக்ஸ் இல்லாமல் தரையில் நடக்காதே, வேலை முடிந்து தனியாக நடந்து வராமல் யாரோடாவது சேர்ந்து வா.

நீ நூறு வயசு நோய்நொடி இல்லாமல், போகிற இடமெல்லாம் நல்ல பெயரோடு இருக்க வேண்டும், அப்பாவும் நானும் உச்சி முகர்ந்து வாழ்த்துகிறோம். உனக்குத் தமிழ் எழுத்தை மடியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான், ஆகவே வைஷுவுக்கு இருந்த சாக்கு உனக்குக் கிடையாது. இந்தக் கடிதத்தை வாய்விட்டுப் படித்து, அடியில் கையெழுத்துப் போட்டு, உன் கையால் ஒரு வரியும் எழுதித் தபாலில் திருப்பி அனுப்பு. அது வந்து சேரும்வரை நான் குளித்துக்கொண்டுதான் இருப்பேன்.

உன் பதிலுக்கு வழி பார்த்திருக்கும்
அம்மா பவுன்

படித்தேன்: ........................